எது மருது?

மாமா தோப்பில் பூத்த மரம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே என் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் அதன் வரப்போரத்தில் நடுவதற்காக ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து மூன்று கன்றுகள் வாங்கி வந்தார். கன்றில் கட்டியிருந்த அட்டையில் 'நீர்மருது' என்று எழுதியிருந்தது. மருதம்பட்டைக் கஷாயம் நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றும் பிழைத்து, ஆளுயரம் தாண்டி, நன்றாகக் கிளை விரித்தன.

போன மே மாதம் மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, மருது பூத்திருக்குது. மரமெல்லாம் ஊதாப் பூ, கொத்துக் கொத்தா. பட்டை உரிக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. நீர்மருது ஊதா நிறத்தில் பூக்காது. அதன் பூ வெளிறிய மஞ்சள் நிறத்தில், சிறு கதிராக, இலைக்குள் ஒளிந்து நிற்கும். பூத்ததே பலருக்குத் தெரியாது. ஊதாக் கொத்தாகப் பூப்பது பூமருது. மலையாளத்தில் மணிமருது. அழகான மரம்தான். ஆனால் மாமா தேடிய பட்டை அதில் இல்லை.

"அதுவும் மருதுதானே?" என்றார் மாமா.

தமிழர்களில் பாதிப்பேர் கேட்கக்கூடிய கேள்வி இது. நீர்மருது, கருமருது, வெண்மருது, பூமருது, புல்லமருது என்று ஒரு பெயருக்குள் எத்தனை மரங்கள்? இவை ஒரே மரத்தின் வகைகளா, தனித்தனி மரங்களா? இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது எதை வைத்து அடையாளம் சொல்வது? இதற்கு விடை தேடித்தான் அடுத்த கோடையில் மலையேறினேன்.

பெயர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழிலும் மலையாளத்திலும் மருது. கன்னடத்தில் மத்தி, தெலுங்கில் மத்தி (maddi). நான்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். கன்னடக்காரர் ஆற்றோர மருதை 'ஹொளெமத்தி' என்கிறார். ஹொளெ என்றால் ஆறு. தெலுங்கர் கருமருதை 'நல்ல மத்தி', நீர்மருதை 'தெல்ல மத்தி' என்கிறார். கருப்பு, வெள்ளை என்று பொருள். நான்கு மொழி பேசிய மக்களும் மரத்தைப் பார்த்தது ஒரே கண்ணோடுதான். பட்டையின் நிறத்தையும் மரம் நிற்கும் இடத்தையும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் பின்னால் நமக்குப் பயன்படும்.

சிக்கல் வருவது எல்லையைத் தாண்டும்போது. பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளைமருது என்று கேட்டால் பெரும்பாலும் நீர்மருதைக் காட்டுவார்கள். பாலக்காட்டுக் காட்டில் வெண்மருது என்றால் பலருக்கு அது புல்லமருது. பூமருது என்ற பெயரையும் இரண்டு மூன்று மரங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இலக்கியம் படித்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதத் திணை. அந்தத் திணைக்குப் பெயர் தந்த மரம் எது? சங்கப் பாடல்கள் மருதத்தின் பூவைச் சிவப்பாகப் பேசுவதால் அது பூமருதே என்பார் ஒரு சாரார். கோயில்களுக்குப் போனால் கதை வேறு. திருவிடைமருதூரில் தலமரம் மருது. ஸ்ரீசைலம் தலைமருது, திருவிடைமருதூர் இடைமருது, தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் கடைமருது என்று ஒரு வரிசையே சொல்வார்கள். ஸ்ரீசைலத்து இறைவன் மல்லிகார்ஜுனர். வடமொழியில் அர்ஜுனம் என்பது நீர்மருதின் பெயர். ஆக, பாட்டில் ஒரு மருது, கோயிலில் ஒரு மருது இருந்திருக்கலாம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மாமா நட்ட கன்றின் கதைதான் நமக்கும்.

சின்னாற்றில் ஒரு ஏப்ரல்

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலை அமராவதி அணையை ஒட்டி மேலேறி, சின்னாறு சோதனைச்சாவடியில் கேரளத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து இடுக்கி மாவட்டம். 1984-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குக் காப்பிடத்தின் பரப்பு 90 சதுர கிலோமீட்டர்தான். மேற்கு மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதி அது. சில மணி நேரப் பயணத்தில் உள்ள மூணாறு மழையில் ஊறிக் கிடக்க, சின்னாற்றின் தாழ்வான பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. பாம்பாறும் சின்னாறும் இங்கே சேர்ந்து கிழக்கு நோக்கித் திரும்பி, அமராவதியாகித் தமிழ்நாட்டுக்குள் இறங்குகின்றன. மாமா தோப்புக்கு வரும் தண்ணீர் இதுதான்.

வழிகாட்டியாக வந்தவர் முதுவர் குடியைச் சேர்ந்த பெரியவர். ஏப்ரல் வெயிலில் சரிவெல்லாம் எலும்பு நிறம். காலடியில் சருகு நொறுங்கியது. ஆனால் கீழே ஆற்றை ஒட்டி மட்டும் ஒரு பச்சைக் கோடு நெளிந்து நெளிந்து போனது.

"அந்தப் பச்சை இருக்கு பாருங்க சார், அது பூராவும் ஆத்துமருது, புங்கன், நாவல். மேல நிக்குற மொட்டை வேற."

அவர் சொன்ன இந்த ஒரு வரியில் அடையாளத்தின் முதல் படி இருக்கிறது. மரத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இங்குள்ள காடு 'இலையுதிர் காடு' வகை. மரத்தின் உடம்பில் வேரிலிருந்து உச்சி வரை தண்ணீர் மெல்லிய குழாய்களில் ஏறுகிறது. இலைகள் நீராவியை வெளியே விடுவதால் உண்டாகும் இழுப்புதான் அதை ஏற்றுகிறது. கோடையில் மண்ணில் ஈரம் குறைந்த பிறகும் இலைகள் இழுத்துக்கொண்டே இருந்தால், குழாய்க்குள் நீர்த்தாரை அறுந்து காற்றுக்குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பின் பயன்படாமலே போகலாம். இதைத் தடுக்கத்தான் மரம் இலைகளைக் கழற்றிப் போடுகிறது. ஆற்றில் கால் நனைத்து நிற்கும் மரத்துக்கு அந்த நெருக்கடி குறைவு. நீர்மருதும் இலையுதிர்க்கும் மரம்தான். ஆனால் பழைய இலை விழுந்து கொஞ்ச நாளில் புது இலை வந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது என்றும் பச்சையாகவே தெரியும்.

ஆற்றோரத்தில் அந்த மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்கின்றன. சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுவது இந்தத் தொடர்ந்த மேற்கூரையில்தான். தரையில் இறங்காமலே மரத்துக்கு மரம் தாவிப் போகும். இந்தியாவில் தென்கோடி மலைகளில் சில இடங்களில் மட்டுமே வாழும் அணில் அது. ஆற்றோரத்தில் நாலு மரம் விழுந்து இடைவெளி உண்டானால் அதன் பாதையே அறுந்துபோகும்.

தோலில் தெரியும் தீ

ஆற்றில் இறங்கி முதல் நீர்மருதின் மேல் கை வைத்தேன். அடிமரம் கீழே விசிறிப் பிதுங்கி, பாறையை விரல்களால் பற்றியதுபோல் நின்றது. பட்டை வழுவழுவென்று இருந்தது. சாம்பலும் வெண்மையும் கலந்து, ஆங்காங்கே பச்சையும் ரோஜா நிறமும் கசிந்த தோல். தாள் தாளாக உரிந்து விழுகிறது. உரிந்த இடத்தில் புதுத் தோல் குழந்தையின் உள்ளங்கை போல.

சரிவில் ஏறியதும் கருமருது. அதன் பட்டையை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். கருத்து, தடித்து, நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக நிற்கும். முதலை முதுகு. 'முதலைப்பட்டை மரம்' என்றே பல மொழிகளில் அதற்குப் பெயர்.

பெரியவர் ஒரு கட்டத்தின் விளிம்பில் நகத்தை வைத்து நெருடினார். "தீ போனாலும் இது சாகாது சார். மேல்தோல் கருகும், உள்ள பச்சை இருக்கும்."

இலையுதிர் காட்டில் கோடைச் சருகு பற்றிக்கொண்டால் தரையோடு தரையாகத் தீ ஓடும். தடித்த பட்டை, உயிருள்ள உள்தோலுக்கு ஒரு கம்பளிப் போர்வை. ஈரமான ஆற்றங்கரைக்குத் தீ எளிதில் வராது. அங்கே வாழும் மரம் மெல்லிய தோலோடு பிழைத்துக்கொள்கிறது. ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு மரங்கள், ஒன்று நீரருகே, ஒன்று நெருப்பருகே குடியேறி, தோலையே மாற்றிக்கொண்டிருக்கின்றன.

கருமருதின் அடிமரத்துக்குள் இன்னொரு வியப்பும் உண்டு. 2024 மார்ச்சில் ஆந்திரத்தின் பாப்பிகொண்டா தேசியப் பூங்காவில் வனத்துறையினர் ஒரு கருமருதின் பட்டையை வெட்டியபோது தண்ணீர் குழாய் திறந்ததுபோல் பீய்ச்சி அடித்தது. அங்கு வாழும் கொண்டாரெட்டிப் பழங்குடியினர்தான் இந்த மரம் தண்ணீர் வைத்திருக்கும் என்று சொன்னவர்கள். எல்லாக் கருமருதும் இப்படிச் சேர்த்து வைப்பதில்லை. வெட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த மரம் எது என்று வெளியிலிருந்தே கண்டுகொள்ளும் அறிவு காட்டு மக்களிடம் தலைமுறையாக இருக்கிறது.

குடும்பத்துக்குள் வந்தவரும் வெளியே போனவரும்

இப்போது 'குடும்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் திருத்தமாகப் பார்க்க வேண்டும். உடலமைப்பாலும் மரபாலும் நெருங்கிய உயிர்களின் சிறு கூட்டத்துக்குப் 'பேரினம்' என்று பெயர் வைப்போம். அதற்குள் தம்மில் தாமே கலந்து பெருகும் ஒவ்வொரு கூட்டமும் ஓர் 'இனம்'. ஒரே இனத்துக்குள் சிறு வேறுபாட்டோடு நிற்பது 'உள்வகை'.

நீர்மருது, கருமருது, புல்லமருது மூன்றும் டெர்மினேலியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. 1767-இல் லின்னேயஸ் வைத்த பெயர். இலத்தீனில் எல்லை, முனை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இப்பேரினத்தின் பல மரங்களில் இலைகள் கிளை முனையில் கூடி நிற்பதைப் பார்த்து அப்படி வைத்தார். நம் கடுக்காயும் தான்றியும் இதே பேரினம்தான். மருது என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் உடன்பிறப்பு.

பூமருதோ வேறு வீட்டுப் பிள்ளை. லாகர்ஸ்ட்ரோமியா என்ற பேரினம். அதன் நெருங்கிய சொந்தம் மாதுளையும் மருதாணியும். மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "அப்ப என் வரப்புல நிக்கிறது மருதாணிக்குப் பங்காளியா?" என்றார். ஆமாம், அதேதான்.

இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் சின்னாற்றிலேயே நிற்கிறது. சரிவுகளில் வெளிறிய தோலோடு கூட்டம் கூட்டமாக நிற்கும் வெக்காலி மரம். மலையாளத்தில் மழுக்காஞ்ஞிரம். பெயரில் மருது இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தாவரவியல் நூல்களும் அதை அனோகெய்ஸஸ் என்ற தனிப் பேரினத்தில்தான் வைத்திருந்தன. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 2017-இல் அதையும் டெர்மினேலியாவுக்குள் கொண்டுவந்தார்கள். மரபணு என்பது ஒவ்வொரு உயிரணுவிலும் எழுதியிருக்கும் பரம்பரைக் குறிப்பு. இரண்டு மரங்களின் குறிப்பில் பிழைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு அண்மையில் அவை பிரிந்தன என்று கணக்கிடலாம். பெயரால் மருதான பூமருது உறவில் இல்லை. பெயரே இல்லாத வெக்காலி சொந்த ரத்தம். ஊர்ப் பெயர்களை மதிக்கும் எனக்கு இது கொஞ்சம் வலித்தது. ஆனால் ஊர்ப் பெயர் பயன்பாட்டுக்காக வந்தது, உறவைச் சொல்வதற்காக அல்ல என்று பிறகு விளங்கியது.

ஒரு மரம், மூன்று சந்தேகம்

இனி அந்த ஒரு மரத்துக்கு வருவோம். பாதையை விட்டு ஒரு வறண்ட ஓடையில் ஏறினோம். ஆற்றிலிருந்து இருநூறு முந்நூறு தப்படி இருக்கும். ஓடையின் நடுவே, உருண்ட கற்களுக்கிடையில் ஒரு பெரிய மரம். இலையே இல்லை. பட்டை வெளிறி, வழுவழுவென்று இருந்தது.

ஆற்றில் நின்றிருந்தால் யோசிக்காமல் நீர்மருது என்றிருப்பேன். இங்கே தண்ணீர் இல்லை. சுற்றிலும் வெக்காலி. வெக்காலிக்கும் வெளிறிய தோல்தான், அதுவும் செதில் செதிலாக உரியும். பாலக்காட்டுப் பறம்பிக்குளம் போன்ற ஈரமான காடாக இருந்தால் வெண்தேக்கையும் சந்தேகப்பட வேண்டும். அதன் தோலும் வெள்ளைதான்.

ஆகவே இடம், பட்டை என்ற இரண்டு சாட்சியும் இங்கே போதவில்லை. கீழே குனிந்தேன். கற்களுக்கிடையில் காய்ந்த காய்கள் கிடந்தன. ஒன்றரை, இரண்டு அங்குல நீளம். நெடுக்கே ஐந்து சிறகு, விறைப்பாக, மரத்தால் செதுக்கியதுபோல. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். நெஞ்சு லேசானது. வெக்காலிக்குச் சிறகுக் காய்கள் உண்டென்றாலும் அவை மிகச் சிறியவை, நெருக்கமாக ஒட்டி சுண்டைக்காய் அளவு உருண்டையாகத் தொங்கும். வெண்தேக்குக்கு வெடிக்கும் சிறு காய். ஐந்து சிறகென்றால் ஒன்று நீர்மருது, இல்லை கருமருது. பட்டை கருமருது இல்லை. அப்படியானால் நீர்மருது. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. காயைப் பையிலிருந்த கைலென்ஸின் கீழ் வைத்தேன். சிறகின் மேல் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. நீர்மருதுக் காயில் அந்த நரம்புகள் நடுத்தண்டிலிருந்து கிளம்பி, காயின் முனைப் பக்கமாக மேல்நோக்கி வளைந்து போகும். கருமருதுக் காயில் வளையாமல் நேராக, சீப்புப் பற்கள் போல விளிம்புக்குப் போகும். தாவர நூல்கள் இந்த இரண்டு மரத்தையும் பிரிக்கக் காலங்காலமாகச் சொல்லிவரும் குறி இது. என் கையில் இருந்த காயில் நரம்பு நேராக ஓடியது.

நீர்மருதுத் தோல், கருமருதுக் காய். எப்படி?

பெரியவர் சிரிக்கவில்லை, மேலே கையைக் காட்டினார். ஓடையின் மேட்டில் நாற்பது தப்படி தள்ளி ஒரு கருமருது நின்றது, உச்சியெல்லாம் பழுப்புக் காய். "காத்து சார்" என்றார்.

சிறகு எதற்கு என்பதை மறந்துவிட்டேன். பறப்பதற்குத்தானே! காய் கிடக்கும் இடம் தாய்மரத்தின் இடம் என்று எந்த உறுதியும் இல்லை. அதிலும் ஓடை, மழைக்காலத்தில் எல்லாவற்றையும் வாரி வரும். மீண்டும் கற்களைத் துழாவினேன். பத்துப் பன்னிரண்டு காய்களில் மூன்று மட்டும் வேறு மாதிரி. கொஞ்சம் குட்டை, சிறகு இன்னும் விறைப்பு, நரம்பு வளைந்து மேலே போயிற்று. சரி, ஆனாலும் இவையும் எங்கிருந்தாவது வந்திருக்கலாமே?

மரத்திலேயே இருக்கும் சாட்சி வேண்டும். அடிமரத்தைச் சுற்றி வந்தபோது, பழைய வெட்டு ஒன்றிலிருந்து முளைத்த சிறு கொழுந்தில் நான்கு இலைகள் மிஞ்சியிருந்தன. நீண்ட, மாவிலையை விடக் குட்டையான இலைகள், எதிரெதிராக. ஒன்றைத் திருப்பி, இலைத்தகடு காம்போடு சேரும் இடத்தில் லென்ஸை வைத்தேன். இருபுறமும் கடுகை விடச் சிறிய இரண்டு முடிச்சுகள்.

அவை 'இலைச்சுரப்பிகள்'. இலை இளசாக இருக்கும்போது இனிப்பு நீர் சுரக்கும். பூவில் தேன் வண்டுக்கும் தேனீக்கும் என்றால், இலைத்தேன் எறும்புக்கு. தேன் குடிக்க வரும் எறும்பு, இலையைத் தின்ன வரும் புழுவை விரட்டும் என்பது இத்தகைய சுரப்பிகளுக்கு உயிரியலாளர் தரும் விளக்கம். நமக்கு அது கையொப்பம் மாதிரி. நீர்மருதில் அந்த இரண்டு முடிச்சும் காம்பு சேரும் இடத்தில் இருக்கும். கருமருதில் இலையின் அடிப்பக்கம், நடுநரம்பின் மேல், அடியை ஒட்டி இருக்கும். பூமருது, வெண்தேக்கு இலைகளில் இந்த முடிச்சே கிடையாது.

நீர்மருதுதான். ஓடையின் மணலுக்கடியில் எங்கோ ஈரம் இருக்கிறது, அதை நம்பி ஆற்றை விட்டு மேலே வந்து நிற்கிறது. மண்ணுக்கடியில் உள்ள ஈரம் அந்த வருடம் குறைந்ததால் இலையைச் சீக்கிரம் உதிர்த்திருக்கலாம். அரைமணி நேரம் ஆகியிருந்தது. இடம் தவறாகச் சொன்னது, பட்டை பாதி சொன்னது, உதிர்ந்த காய் ஏமாற்றியது, ஒட்டியிருந்த இலை உறுதி செய்தது.

கருமருது ஒன்றா, மூன்றா?

உள்வகை பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது. இது பறம்பிக்குளத்தில் வைத்துப் பேச வேண்டிய விஷயம். பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பறம்பிக்குளத்துக்குச் சாலை வழி நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். அங்குள்ள கன்னிமாரா என்ற பெரிய தேக்கு மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வழியெல்லாம் கருமருதைக் கடந்துதான் போகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. மழை முடிந்த மாதங்களில் போனால் காட்டின் மேற்பரப்பில் துருப்பிடித்த சிவப்புத் திட்டுகள் தெரியும். பூ என்று நினைப்போம். அது புல்லமருதின் காய்க்கொத்து. நெல்மணி அளவுக்குச் சற்று மேல், ஒரு பெரிய சிறகும் இரண்டு சிறிய சிறகும் வைத்த ஆயிரமாயிரம் காய்கள். அதை அடையாளம் காண லென்ஸ் வேண்டாம்.

கருமருதுதான் பண்டிதர்களைப் படுத்திய மரம். பறம்பிக்குளத்தின் ஈரக் காட்டில் கருமருது இலையைத் தடவினால் ஏறக்குறைய வழுவழுப்பு. அடியில் நடுநரம்பின் மேல் உள்ள சுரப்பி, காம்பு வைத்த பம்பரம் போல எழும்பி நிற்கும். கிழக்கே வறண்ட பக்கங்களுக்குப் போகப் போக இலை தோல் போலத் தடித்து, அடிப்பக்கம் மயிர் அடர்ந்து, கம்பளியைத் தொட்டதுபோல் ஆகும். சுரப்பி அமுங்கிவிடும். இரண்டு முனையையும் மட்டும் பார்த்தவர் இரண்டு மரம் என்றே சொல்வார்.

அப்படித்தான் சொன்னார்கள். தென்னிந்தியாவில் செடிகளைச் சேகரித்த பெஞ்சமின் ஹெய்னே அனுப்பிய காய்ந்த மாதிரிகளை ஜெர்மனியில் இருந்து பார்த்த ரோத், 1821-இல் கிரெனுலேட்டா, அலாட்டா என்று இரண்டு பெயர் வைத்தார். கோரமண்டல் கரையிலும் கல்கத்தாவிலும் வேலை செய்த ராக்ஸ்பரோ, ஐந்து சிறகைப் பார்த்து 'ஐஞ்சிறகி' என்று பொருள்படும் பென்டாப்டெரா என்ற தனிப் பேரினத்தில் இவற்றை வைத்து, டொமென்டோசா, கோரியாசியா என்று பிரித்தார். 1834-இல் ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் அவற்றை டெர்மினேலியாவுக்கு மாற்றினார்கள். 1878-இல் 'பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள்' என்ற பெருநூலின் இரண்டாம் தொகுதியில் இப்பகுதியை எழுதிய சி.பி. கிளார்க், இத்தனை இனம் எதற்கு, எல்லாம் ஒரே டொமென்டோசா, மற்றவை அதன் உள்வகைகள் என்று மடக்கினார். பிற்பாடு வந்த சிலர் மறுபடி பிரித்தார்கள். இன்று பலரும் ஏற்கும் பெயர் டெர்மினேலியா எலிப்டிகா. வில்டெனோ 1806-இலேயே வைத்தது. ஒரே இனத்துக்குப் பல பெயர் இருந்தால் முறையாக வெளியிட்ட பழைய பெயரே நிற்கும் என்பது தாவரவியல் சட்டம். தோல் இலைக் கோரியாசியாவைத் தனி இனமாகவே வைப்பவர்களும் உண்டு.

ஏன் இவ்வளவு இழுபறி? நாம் 'வகை' என்றதும் நினைப்பது முருங்கையும் வாழையும். யாழ்ப்பாண முருங்கையையும் செடிமுருங்கையையும் மனிதன் பொறுக்கி எடுத்துத் தனியாக வளர்த்தான். நடுவில் உள்ளதைக் கழித்துவிட்டான். அதனால் எல்லை பளிச்சென்று தெரிகிறது. காட்டில் யாரும் நடுவில் உள்ளதைக் கழிப்பதில்லை. பறம்பிக்குளத்திலிருந்து மலையைச் சுற்றிக் கிழக்கே ஒருவர் ஒவ்வொரு கருமருதாக இலையைத் தடவிக்கொண்டே நடந்தால், மழை குறையக் குறைய மயிர் கூடுவதை உணரலாம். எந்த இடத்தில் கோடு போடுவது என்று அவரிடம் கேட்டால் திகைப்பார். கல்கத்தாவிலும் ஜெர்மனியிலும் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறித்த கிளைகள். அவர்கள் மேல் தப்பில்லை. என் மனம் கிளார்க்கின் பக்கம்தான் சாய்கிறது. தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

எது எந்த மருது என்று டஸர் பட்டுப்புழுவும் அதிகம் கவலைப்படுவதில்லை. ஜார்க்கண்ட் பக்கம் அதை நீர்மருதிலும் கருமருதிலும் விட்டு வளர்க்கிறார்கள், இரண்டு இலையையும் ரசித்துத் தின்கிறது.

பட்டை வாங்குகிறவர்களுக்கு

மனிதனுக்கு அந்தச் சலுகை இல்லை. மருந்துக்கு எடுப்பது நீர்மருதின் பட்டை. ஆயுர்வேதத்தில் அர்ஜுனாரிஷ்டம் இதில்தான் காய்ச்சப்படுகிறது. சந்தையில் அதோடு மற்ற மருதுகளின் பட்டை கலப்பது பழைய தொல்லை. முழுத் துண்டாக இருந்தால் பார்த்துச் சொல்லலாம். நீர்மருதுப் பட்டையின் வெளிப்புறம் வழவழப்பான சாம்பல், உட்புறம் இளஞ்சிவப்பு. கட்டம் கட்டமாக வெடித்த கரிய துண்டென்றால் அது கருமருது. பொடியாக அரைத்து வந்துவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். இதய நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு எந்தப் பட்டையையும் நம்பக் கூடாது என்று மாமாவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினேன். ஒப்புக்கொண்டார்.

அடிமரத்தைச் சுற்றிவரப் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். இலை செய்த உணவு வேருக்கு இறங்கும் வழி அந்த உள்தோலில்தான் இருக்கிறது. சாலையோரத்தில் அப்படி உரித்துக் காய்ந்த நீர்மருதுகளைப் பார்த்திருக்கிறேன். கஷாயத்துக்குத் தேவை ஒரு கைப்பிடி. எடுத்தது ஒரு மரத்தின் உயிர்.

வரப்பில் நின்ற பூமருதுகளை மாமா வெட்டவில்லை. அத்தைக்கு அந்தப் பூ பிடித்துப்போய்விட்டது. ஆனால் வாய்க்கால் ஓரம் இன்னும் இடம் இருக்கிறது, நீர்மருது வைத்தே தீருவது என்று உறுதியாக இருந்தார். இந்த முறை கன்று வாங்கவில்லை. பக்கத்து ஊர்க் குளக்கரையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது, அதில் காய் பொறுக்கி விதைக்கலாம் என்றேன். என் லென்ஸையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் காலை ஆறரைக்கு போன்.

"மாப்ள, குளக்கரையில நிக்கறேன். கீழ கெடந்தத எடுக்கலே. தொரட்டி போட்டு மரத்துல இருந்தே பறிச்சேன்."

"சரிங்க மாமா. சிறகு எத்தனை?"

"அஞ்சு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோகிறார் என்று தெரிந்தது. "நரம்பு மேல பாத்து வளைஞ்சிருக்குது மாப்ள. அஞ்சுலயும் வளைஞ்சிருக்குது."